கரட்டுக் கல் சதுரக் கல்லாவது எப்படி?

பெரியோருக்கும் ஞாயிறு வகுப்பு மாணவருக்குமான ஒரு பாடம்

எமது ஆலயக் கருவறையின் அதிட்டானத்தைக் கருங்கல்லால் அமைப்பது பற்றித் திருப்பணிக் குழு ஆலோசித்து வருகிறது. சென்ற பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் இதனை அறிவார்கள். அக்கூட்டத்தில் இரண்டு விலைமனுக்கள் வாசிக்கப்பட்டன. ஒன்றில் கன அடிக்குச் சொல்லப்பட்ட விலை மற்றதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. "கல் எல்லாம் கல்லுத்தானே, ஏன் இந்த வித்தியாசம்?" என்று அன்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று அதற்கு மறுமொழி சொல்ல எவரும் இருக்கவில்லை.

கணக்கு எழுதுவதே எனது தொழில், கல் செதுக்குவது அல்ல. ஆயினும் ஒரே பொருளுக்கு இரண்டு தொகை எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன வேலை இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் தொழிலின் பழக்கம். படித்தும், கற்பணி தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே பாடமாகத் தருகிறேன். இறுதியில் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியும் சில வினாக்களும் உள்ளன.

1. சதுரக் கல் என்றால் என்ன?

மலையில் இருந்து பெயர்த்த கல்லுக்கு நேரான பக்கம் ஒன்றும் கிடையாது. சுவரிலோ அதிட்டானத்திலோ வைக்கும் கல்லுக்கு ஆறு முகங்கள் வேண்டும். மேலும் கீழும் இரண்டு, முன்னும் பின்னும் இரண்டு, பக்கங்களில் இரண்டு. ஒவ்வொரு முகமும் சமதளமாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த முகங்கள் செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். எதிரெதிர் முகங்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பேச்சு வழக்கில் இத்தகைய கல் எல்லாவற்றையும் சதுரக் கல் என்றே சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு நல்ல சொல் ஒன்று உண்டு. கல்லை உளியால் கொத்திச் சதுரமாக்குவதைக் "கல் பொழிதல்" என்றும், அவ்வாறு ஆக்கிய கல்லைப் "பொழிகல்" என்றும் சொல்வார்கள். இங்கே பிறந்த எமது பிள்ளைகளுக்குப் பொழிதல் என்றால் மழை மட்டுமே நினைவுக்கு வரும். இந்தப் பொருளையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

2. கல்லின் குணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். கருங்கல் அங்கே விளைவதில்லை. அதனால் எமது ஊர்க் கோயில் மதில்களும் கிணற்றுக் கட்டுகளும் பெரும்பாலும் வெள்ளைக் கல்லாலானவை. தமிழ்நாட்டின் பெருங்கோயில்கள் கருங்கல்லாலானவை. இராசராச சோழன் கட்டுவித்த தஞ்சைப் பெருங்கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. இலங்கையில் பொலனறுவையிலுள்ள வானவன் மாதேவி ஈஸ்வரம் சோழர் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், அடி முதல் உச்சி வரை கல்லாலேயே எழுப்பப்பட்டது. இத்தகைய கோயில்களில் பொருத்தமாகச் செதுக்கிய கற்கள் தமது பாரத்தாலேயே ஒன்றின் மேல் ஒன்று நிற்கின்றன. சாந்து பூசி மறைப்பதற்கு அங்கே இடமில்லை. ஆகவே கல்லின் முகம் பிழைத்தால் கட்டடமே பிழைக்கும்.

சுண்ணக்கல் உளிக்கு இணங்கும். கருங்கல் அவ்வளவு எளிதில் இணங்காது. அதனுள் படிகக்கல் எனப்படும் குவார்ட்ஸ் மணிகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. கண்ணாடியைக் கீறக்கூடிய கடினம் அவற்றுக்கு உண்டு. உளியின் முனை தேய்வதும், பின்னர் நாம் பார்க்கப்போகும் தூசி நோயும் இம்மணிகளாலேயே வருகின்றன.

கருங்கல்லுக்கும் மரத்தைப் போலப் போக்கு உண்டு. ஒரு திசையில் எளிதாகப் பிளக்கும். அதற்குக் குறுக்கான இன்னொரு திசையில் ஓரளவு பிளக்கும். மூன்றாம் திசையில் முரண்டு பிடிக்கும். பழகிய கண் இதனைக் கல்லின் மணிகள் கிடக்கும் ஒழுங்கிலிருந்து கண்டுகொள்ளும்.

கல்லில் வெடிப்பு உண்டா என்று அறிய இரண்டு வழிகள் உள்ளன. சுத்தியலால் தட்டும்போது வெண்கலத்தைப் போல் கணீரென்று ஒலித்தால் கல் நல்லது. பானை உடைந்தாற்போல் மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறது. சிற்ப நூல்கள் கற்களை ஆண், பெண் என்றெல்லாம் பிரிப்பதும் இந்த ஒலியைக் கொண்டே. இரண்டாவது வழி, கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி உலரவிடுவது. மற்ற இடங்கள் உலர்ந்த பிறகும் மயிரிழை போல ஈரக் கோடு ஒன்று நின்றால் அங்கே வெடிப்பு உண்டு.

3. கருவிகள்

கருவிகளை உடைப்பவை, அளப்பவை என இரு கூட்டமாகப் பிரிக்கலாம்.

உடைக்கும் கருவிகள்: பெரிய சம்மட்டி, கைச்சுத்தியல், இரும்பு ஆப்புகள், அலவாங்கு, பலவகை உளிகள். உளிகளில் மூன்றை அறிந்தால் போதும். விளிம்பிலிருந்து பெரிய செதிள்களை உடைத்தெறிய மழுங்கிய அகல வாயுள்ள தடித்த உளி. மேடுகளைக் கொத்திக் குறைக்கக் கூர்முனை உளி. முகத்தை ஒழுங்காக்கப் பட்டை உளி. கடைசியாகப் பற்கள் நிறைந்த முகமுடைய கொத்துச் சுத்தியல் ஒன்றால் முகம் முழுவதையும் ஒரே சீராகப் பொடித்து விடுவதும் உண்டு.

கருங்கல்லில் உளியின் முனை விரைவில் மழுங்கும். அதனால் கல் செதுக்கும் இடத்துக்கு அருகில் கொல்லன் உலை ஒன்றும் இருக்கும். மழுங்கிய உளியைச் செந்நிறமாகக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, மறுபடியும் காய்ச்சி நீரில் தோய்ப்பார்கள். அப்படியே விட்டால் முனை கண்ணாடி போல உடையும். ஆகவே உருக்கின் மேல் வைக்கோல் நிறம் ஓடும்வரை மெல்லச் சூடாக்கித் திரும்பவும் ஆற்றுவார்கள். இதனைப் பதம் பார்த்தல் என்பர். பதம் தப்பினால் ஒன்றில் முனை வளையும், அல்லது முறியும்.

அளக்கும் கருவிகள்: நூல், செங்காவி, மூலைமட்டம், ஒரே உயரமான இரண்டு நேரான மட்டக்கோல்கள். இவ்வளவே. பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இது. மயிரிழைப் பொருத்தத்தைத் தந்தவை இந்த நூலும் கோலும். கையின் பலம் கல்லைக் குறைக்குமே தவிர நேராக்காது.

4. கல்லைப் பிளத்தல்

முதலில் தேவையான அளவைவிடச் சற்றுப் பெரிய துண்டு ஒன்றைப் பாறையிலிருந்து பிரிக்க வேண்டும். கல்லின் போக்குப் பார்த்துச் செங்காவி நூல் தட்டி ஒரு கோடு போடுவார்கள். கோட்டின் மேல் சிறு குழிகளை வரிசையாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் ஆப்பு வைப்பார்கள். பிறகு முதல் ஆப்பிலிருந்து கடைசி ஆப்பு வரை ஒவ்வோர் அடி. மீண்டும் முதலிலிருந்து. ஒரே ஆப்பை ஓங்கி ஓங்கி அடித்தால் கல் தன் விருப்பப்படி உடையும். எல்லா ஆப்புகளும் ஒரே அளவு இறுகும்போது அவற்றின் ஒலி மெல்ல உயர்ந்துகொண்டு போகும். வேலை தெரிந்தவர் அந்த ஒலியைக் கேட்டு அடியை நிறுத்திச் சற்றுக் காத்திருப்பார். கல் கோட்டின் வழியே தானாகப் பிரியும்.

மாமல்லபுரம் செல்வோர் பாறைகளில் வரிசையாக வெட்டிய இத்தகைய குழிகளை இன்றும் காணலாம். அங்கே முற்றுப்பெறாத குகைக் கோயில்களில் இன்னொரு முறையும் தெரிகிறது. பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்கும் பள்ளம் வெட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பிறகு இடையில் நிற்கும் கட்டிகளை உடைத்து நீக்கியிருக்கிறார்கள். முடிந்த கோயில்கள் சிற்பியின் முடிவை மட்டுமே காட்டுகின்றன. வேலை செய்த வழியை முடியாத இக்குகைகளில்தான் படிக்கலாம்.

5. முதல் முகம்

இந்தப் பாடத்தின் நடுப்பகுதி இதுவே. கரட்டுக் கல்லில் நேரான இடம் ஒன்றும் இல்லை. அப்படியானால் முதலாவது நேரை எங்கிருந்து எடுப்பது?

முதலில் ஒரு விளிம்பை ஒட்டிச் செங்காவிக் கோடு போட்டு, ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம் அகலத்தில் ஒரு பட்டையைச் செதுக்குவார்கள். மட்டக்கோலின் அடியில் செங்காவி தடவி அப்பட்டையின் மேல் வைத்து எடுத்தால், உயர்ந்த இடங்களில் சிவப்பு ஒட்டியிருக்கும். சிவந்த இடத்தை மட்டும் கொத்த வேண்டும். திரும்பவும் கோலை வைக்க வேண்டும். பட்டை முழுவதும் ஒரே சீராகச் சிவக்கும்போது அது நேர் என்று பொருள்.

அடுத்து எதிர் விளிம்பில் இன்னொரு பட்டை. இது தன்னளவில் நேராக இருந்தால் மட்டும் போதாது. முதற் பட்டையோடு ஒரே தளத்தில் கிடக்க வேண்டும். இரண்டு பட்டைகளின் மேலும் ஒவ்வொரு மட்டக்கோலை நிறுத்தி, சற்றுத் தூரத்தில் குனிந்து ஒரு கண்ணால் பார்ப்பார்கள். முன் கோலின் மேல் விளிம்பு பின் கோலின் மேல் விளிம்பை ஒரே சீராக மறைத்தால் சரி. ஒரு முனையில் பின் கோல் எட்டிப் பார்த்தால் முகத்தில் முறுக்கு இருக்கிறது. எந்த முனை உயர்ந்திருக்கிறதோ அங்கே மறுபடி குறைக்க வேண்டும். நீர்மட்டக் குழாய் இதற்குத் தேவையில்லை. கல் சாய்ந்து கிடந்தாலும் இந்தச் சோதனை பிழைக்காது.

இரண்டு பட்டைகளும் இணங்கிய பின், மீதி இரண்டு விளிம்புகளிலும் பட்டை வெட்டி நான்கையும் இணைப்பார்கள். இப்போது கல்லின் முகம், நடுவில் மேடும் சுற்றிலும் நேரான சட்டமுமாக இருக்கும். அந்த மேட்டைக் கூர்முனை உளியால் வரிவரியாகக் கொத்தி இறக்க வேண்டும். உளியைச் சாய்த்துப் பிடித்தால் செதிள் தெறிக்கும். நட்டுப் பிடித்தால் கல் நசுங்கித் தூளாகும். தொடக்கத்தில் செதிளும், சட்டத்தின் உயரத்தை நெருங்கும்போது தூளும் வேண்டும். எப்போதும் விளிம்பிலிருந்து உள்நோக்கியே அடிக்க வேண்டும். வெளிநோக்கி அடித்தால் விளிம்பு உடைந்து போகும். உடைந்த விளிம்பை ஒட்டிச் சேர்க்க முடியாது. முகம் முழுவதையும் அந்த அளவுக்கு இறக்குவதுதான் ஒரே வழி.

கடைசியாக மட்டக்கோலைக் குறுக்காகவும் நெடுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்துப் பார்ப்பார்கள். எங்கும் ஒளி புகாவிட்டால் முதல் முகம் முடிந்தது.

6. மற்ற ஐந்து முகங்கள்

முதல் முகம் கிடைத்துவிட்டால் மற்றவை அதனிடமிருந்து பிறக்கும். மூலைமட்டத்தின் ஒரு புயத்தை முதல் முகத்தில் அழுத்தி வைத்து, மற்றப் புயத்தைக் கொண்டு அடுத்த முகத்தின் பட்டைகளைச் செதுக்குவார்கள். பிறகு மூன்றாவது, நான்காவது என்று தொடர வேண்டும். முதல் முகத்துக்கு எதிரேயுள்ள முகத்துக்கு மட்டும், வேண்டிய உயரத்தை முதல் முகத்திலிருந்தே அளந்து சுற்றிலும் கோடு கீறி, அக்கோடு வரை இறக்குவார்கள்.

இதில் ஒரு விதி உண்டு. அளவை எப்போதும் முதல் முகத்திலிருந்தே எடுக்க வேண்டும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதை, மூன்றாவதிலிருந்து நான்காவதை என்று எடுத்துக்கொண்டு போனால், ஒவ்வொன்றிலும் உள்ள சிறு பிழை அடுத்ததில் சேர்ந்து பெருகும்.

எவ்வளவு பெருகும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். ஓர் அடிக் கல்லின் மேல் முகம் ஒரு பக்கத்தில் 1/16 அங்குலம் மட்டும் தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மில்லிமீற்றரை விடச் சற்றே அதிகம். கண்ணுக்குத் தெரியாது. இதே பிழையுள்ள 12 கற்களை ஒரே பக்கம் தாழ்ந்தவாறு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், இரண்டாவது கல் 1/16 அங்குலம் தள்ளி நிற்கும். மூன்றாவது அதனிலும் 2/16 அங்குலம் தள்ளி நிற்கும். இப்படியே கூட்டினால், 12 அடி உயரத்தில் தூணின் தலை 4 அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருக்கும். இது எல்லோருக்கும் தெரியும்.

7. கட்டிய பின் தெரியாத முகம்

ஆறு முகங்களில் கட்டி முடித்த பின் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். மேல் முகமும் கீழ் முகமும் மற்றக் கற்களுக்கிடையில் மறைந்துவிடும். பாரத்தைத் தாங்குவது அந்த மறைந்த முகங்களே.

இங்கேதான் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. கீழ் முகத்தையும் மேல் முகத்தையும் சமதளமாகச் செதுக்குவது மெதுவான வேலை. விளிம்பை மட்டும் நேராக்கி நடுவைப் பள்ளமாகக் கொத்திவிட்டால் வேலை விரைவில் முடியும். வெளியே இருந்து பார்த்தால் மூட்டு மயிரிழை போல அழகாகவும் இருக்கும். உண்மையில் சரியான கல்லைவிட இது இன்னும் நெருக்கமாகப் பொருந்தியது போலத் தோன்றும். ஆனால் கல் முழுவதும் பரவ வேண்டிய பாரம் சுற்றுவிளிம்பில் மட்டும் விழும். சில வருடங்களில் விளிம்புகள் செதிள் செதிளாக வெடித்து உதிரத் தொடங்கும். அப்போது கட்டியவர் ஊரில் இருக்கமாட்டார். பல நாடுகளின் கட்டடக் கலை நூல்களில் இந்தக் குற்றம் தனியாக எடுத்து எச்சரிக்கப்பட்டிருக்கிறது.

முகப்பு அழகாகவும் உள்ளே வெறுமையாகவும் இருக்கும் கணக்குப் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தச் செய்தி எனக்குப் புதுமையாகப் படவில்லை. இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஒரே நேரத்தில் வெளியேற நேர்ந்தது. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. போர்நிறுத்த காலத்தில், 2004இல், எங்கள் ஊருக்குப் போய்ப் பார்த்தேன். அயல்வீடு ஒன்றின் கூரை இல்லை, கதவு யன்னல் இல்லை. ஒரு சுவர் பிரிந்து கிடந்தது. அதன் மூலைக் கற்கள் பற்றைக்குள் சிதறியிருந்தன. ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். சுவருக்குள் இருந்த கீழ் முகத்தில் உளியின் வரிகள் முன்முகத்தில் இருந்ததைப் போலவே ஒரே சீராக ஓடியிருந்தன. நடுவில் பள்ளம் இல்லை. அந்தக் கல்லைப் பொழிந்தவரின் பெயர் எவருக்கும் தெரியாது. தாம் செதுக்கும் அந்த முகத்தை இனி எவரும் பார்க்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். போர் வந்து சுவரைப் பிரித்திராவிட்டால் நானும் பார்த்திருக்க மாட்டேன்.

8. ஒரு கன அடியின் கணக்கு

இப்போது விலைக்கு வருவோம். ஒரு கன அடிக் கருங்கல் ஏறக்குறைய 76 கிலோ. ஒவ்வொரு பக்கமும் செதுக்குவதற்கென்று ஓர் அங்குலம் கூடுதலாக விட்டால், கரட்டுக் கல் 14 அங்குலக் கனசதுரமாக இருக்க வேண்டும்.

கரட்டுக் கல்: 14 x 14 x 14 = 2744 கன அங்குலம்.
முடிந்த கல்: 12 x 12 x 12 = 1728 கன அங்குலம்.
நீக்கியது: 1016 கன அங்குலம், அதாவது 37 வீதம்.

நிறையில் சொன்னால், ஏறக்குறைய 121 கிலோக் கல்லிலிருந்து 45 கிலோவைச் செதிளாகவும் தூளாகவும் கையால் நீக்கிய பின்பே எமக்கு ஒரு கன அடி கிடைக்கிறது. விலைமனுவில் "கல் ஒரு கன அடி" என்று ஒரு வரியாக எழுதப்படுவதற்குள் இவ்வளவும் அடங்கும்.

இன்று பெரும்பாலான கற்களை வைரம் பதித்த வாளால் இயந்திரம் அறுத்துத் தருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாள் அறுத்த முகம் சமதளமாகவே இருக்கும், விலையும் குறையும். முழுவதும் கையால் செய்த வேலையும் இக்காலத்தில் நடந்திருக்கிறது. ஹவாயின் காவாய்த் தீவிலுள்ள இறைவன் கோயிலுக்கு, கணபதி ஸ்தபதி அவர்களின் வடிவமைப்பில், பெங்களூருக்கு அருகே 1990 முதல் கற்களைக் கைஉளியால் செதுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். குடமுழுக்கு 2023 மார்ச் மாதத்தில் நடந்தது. 33 வருடங்கள். எமது சங்கத்துக்கு அந்தப் பொறுமையும் பணமும் உண்டா என்பது வேறு விடயம். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதே இங்கு சொல்ல வந்தது.

9. தூசி

நீக்கிய 45 கிலோவில் பெரும்பகுதி செதிள். சிறுபகுதி தூள். அத்தூளில் மிக நுண்ணிய பகுதி கண்ணுக்குத் தெரியாது. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை செல்லும். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள் அங்கே தங்கித் தழும்பை உண்டாக்குகின்றன. இந்நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரக்கூடும். காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. 1995இல் உலகத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து இதனை ஒழிக்க ஒரு திட்டம் தொடங்கின. 1997இல் இத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்றும் வகைப்படுத்தப்பட்டது.

"கையால் செதுக்கியது" என்ற சொல்லைக் கேட்டு ஏமாறக்கூடாது. இன்று பல பணித்தளங்களில் கைவேலை என்பதற்குள் தண்ணீர் விடாமல் ஓட்டும் மின்சார அரவையும் அடங்கும். உளியைவிட அது பல மடங்கு நுண்தூசியைக் கிளப்பும். முகத்தில் கட்டிய துணி இத்தூசியைத் தடுக்காது. தண்ணீர் தெளித்துக்கொண்டு வேலை செய்தலும், நுண்தூசிக்கென்று செய்த முகமூடியும், காற்றோட்டமும் வேண்டும். நாம் வாழும் அவுஸ்திரேலியாவில் இது சட்டம். சமையலறை மேசைகளுக்குப் பயன்பட்ட செயற்கைக் கல்லை வெட்டிய இளைஞர்கள் பலர் இந்நோய்க்கு ஆளானதால், 2024 யூலை 1 முதல் அக்கல்லையே இங்கு தடைசெய்துவிட்டார்கள். எமது ஆலயத்துக்காகக் கடல் கடந்து கல் செதுக்குபவருக்கும் அதே நுரையீரல்தான்.

மெல்பேர்னில் வாழும் எமக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. 1856 ஏப்ரல் 21ஆம் திகதி, மெல்பேர்ன் பல்கலைக்கழகக் கட்டட வேலையில் இருந்த கல் கொத்துநர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பாராளுமன்றக் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள். நாளுக்கு 8 மணிநேர வேலை, சம்பளக் குறைப்பு இல்லை என்பதே அவர்கள் கேட்டது. அதனைப் பெற்றார்கள். ரசல் வீதியும் விக்ரோறியா வீதியும் சந்திக்கும் இடத்தில் 8, 8, 8 என்ற எண்களோடு நிற்கும் நினைவுத்தூணை அடுத்த முறை நகருக்குள் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அலுவலகத்தில் இருந்து நாம் மாலையில் நேரத்தோடு வீடு திரும்பி, ஆறரை மணிப் பூசைக்கு வர முடிவதில் கல் கொத்துநரின் பங்கும் இருக்கிறது.

10. திருப்பணிக்கு நாம் கேட்க வேண்டியவை

மேலே படித்தவற்றிலிருந்து, எந்த விலைமனுவை ஏற்பதற்கு முன்பும் பின்வருவனவற்றை எழுத்தில் கேட்கலாம் என்பது எனது பணிவான கருத்து.

(அ) முகங்களை வாள் அறுக்கிறதா, கை செதுக்குகிறதா? எந்த முகம் எது?

(ஆ) மேல், கீழ் முகங்கள் நடுவில் பள்ளமின்றி இருக்குமா? கல்லை வைப்பதற்கு முன் எமது பிரதிநிதி ஒருவர் மட்டக்கோல் வைத்துப் பார்க்கலாமா? வைத்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

(இ) ஓர் அடிக்கு எவ்வளவு பிழை வரை ஏற்கப்படும்? அதனை மீறிய கல்லை யார் செலவில் மாற்றுவது?

(ஈ) தூசியை அடக்கத் தண்ணீர் வசதி உண்டா? வேலையாட்களுக்கு முறையான முகமூடியும் மருத்துவப் பரிசோதனையும் உண்டா? இதற்கான செலவு விலைமனுவில் எந்த வரியில் இருக்கிறது?

நான்காவது கேள்வியால் விலை சற்று உயரலாம். அவ்வாறு உயர்ந்தால் மலிவான மனுவில் அந்தச் செலவு எங்கே போயிற்று என்று யோசித்துப் பாருங்கள். அது மறைந்துவிடவில்லை. வேறொருவர் அதனைத் தன் மூச்சால் கட்டுகிறார். குலுக்குச்சீட்டு விற்றும் அன்னதானத்துக்குச் சமைத்தும் சேர்த்த பணத்தில் அப்படி ஒரு கடன் வைத்து நாம் கருவறை கட்ட வேண்டியதில்லை.

11. ஞாயிறு வகுப்புப் பயிற்சி

தேவையானவை: பெரிய உருளைக்கிழங்கு ஒன்று, கூரில்லாத மேசைக் கத்தி, ஒரே அளவான இரண்டு ஐஸ்கிறீம் குச்சிகள், அடிமட்டம், தடித்த அட்டையின் மூலை ஒன்று, சமையலறைத் தராசு. பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

கிழங்கை நிறுத்து நிறையை எழுதுங்கள். ஒரு முகத்தை மட்டும் மெல்ல மெல்லச் சீவுங்கள். அம்முகத்தின் இரு ஓரங்களிலும் குச்சிகளை விளிம்பில் நிறுத்தி, குனிந்து ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டும் சமாந்தரமாகும் வரை திருத்துங்கள். பிறகு அட்டை மூலையை மூலைமட்டமாகக் கொண்டு மற்ற முகங்களை வெட்டுங்கள். எதிர் முகங்களை முதல் முகத்திலிருந்தே அளக்க மறக்க வேண்டாம். முடிந்த பின் மறுபடி நிறுத்துக் கழிவு எத்தனை வீதம் என்று கணியுங்கள். பாதிக்கு மேல் போயிருந்தால் வருந்த வேண்டாம். உருண்டையான பொருளிலிருந்து சதுரம் எடுத்தால் அப்படித்தான் வரும். கழிவை அம்மா கறிக்கு எடுத்துக்கொள்வார்.

வினாக்கள்

1. கரட்டுக் கல்லில் முதலாவது நேரான பட்டை எவ்வாறு பெறப்படுகிறது? செங்காவி எதற்கு?
2. இரண்டு மட்டக்கோல்களால் கண்டறியப்படும் குறை எது?
3. விளிம்பிலிருந்து வெளிநோக்கி ஏன் அடிக்கக்கூடாது?
4. மூட்டு வெளியே மிக நெருக்கமாகத் தெரிந்தும் கல் பழுதாக இருக்கக்கூடுமா? காரணம் கூறுக.
5. 26 அங்குலக் கனசதுரக் கரட்டுக் கல்லிலிருந்து 24 அங்குலக் கனசதுரம் செய்தால் கழிவு எத்தனை வீதம்? ஓர் அடிக் கல்லைவிட அது கூடுமா, குறையுமா? ஏன்?

விடைகளைப் பெயர், வகுப்பு என்பவற்றோடு எழுதி ஆலய அலுவலகத்திலுள்ள பெட்டியில் இடவும். ஐந்தாவது வினாவைப் பெற்றோரும் செய்து பார்க்கலாம். சரியான விடைகள் அடுத்த இதழில் வெளிவரும்.